ஸ்ட்ரெய்ட் பெவல் கியரை விஎம்சி-யில் போட முடியுமா?

கேள்வி சுருக்கமாக இது: கடையில் ஃபோர்த் ஆக்ஸிஸ் (வேலைப்பொருளைச் சுழற்றும் நான்காம் அச்சு, ரோட்டரி) உள்ள விஎம்சி, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் செங்குத்து மில்லிங் மெஷின், இருக்கிறது. ஒரு பழைய மெஷினின் கியர்பாக்ஸிலிருந்து ஸ்ட்ரெய்ட் பெவல் ஜோடி (கூம்பு வடிவில், நேரான பல் உள்ள இரண்டு கியர்) ஒன்று வந்திருக்கிறது. மாட்யூல் (பல்லின் அளவு) 4, பினியனில் (சின்ன கியரில்) 16 பல், பெரிய கியரில் 32 பல், ஷாஃப்ட் இரண்டுக்கும் இடையே 90 டிகிரி. பினியனில் மூன்று பல் போய்விட்டது. இந்த ஜோடியை நம் மெஷினிலேயே போட முடியுமா, இன்வால்யூட் கட்டர் (பல்லிடையின் வளைவு உருவிலேயே செய்த கட்டர்) போதுமா, இல்லை 5 ஆக்ஸிஸ் வேண்டுமா?

போடலாம். 5 ஆக்ஸிஸ் வேண்டாம். ஆனால் ஸ்பர் கியருக்கு (உருளை வடிவச் சாதாரண கியருக்கு) போடும் இன்வால்யூட் கட்டரை மாட்டி, பிளாங்கை (இன்னும் பல் வெட்டாத துண்டை) சாய்த்து, ஒரே வெட்டில் இழுத்துவிடலாம் என்று நினைத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். அது ஏன் என்பதில்தான் வேலையின் பாதி இருக்கிறது.

ஸ்பர் கியரில் பல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே உருவம். பெவலில் அப்படி இல்லை. பல்லின் ஒவ்வொரு கோடும் ஷாஃப்டுகள் இரண்டும் சந்திக்கும் ஒரே புள்ளியை, ஏபெக்ஸை, நோக்கிப் போகிறது. உங்கள் ஜோடியில் பெரிய முனையிலிருந்து ஏபெக்ஸ் வரை உள்ள கோன் தூரம் 71.55 மி.மீ. முக அகலம் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது வழக்கம், 22 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சின்ன முனை ஏபெக்ஸிலிருந்து 49.55-இல் இருக்கிறது. விகிதம் 0.6925. அதாவது பெரிய முனையில் மாட்யூல் 4, சின்ன முனையில் 2.77. பல்லின் உயரம், தடிமன், வளைவு மூன்றுமே அதே விகிதத்தில் சுருங்க வேண்டும். ஒரு கட்டருக்கு ஒரே வளைவுதான் உண்டு. மாட்யூல் 4-க்கான வளைவும் 2.77-க்கான வளைவும் ஒரே கட்டரில் எப்படி இருக்கும்?

பழைய மில்லிங் மெஷின்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். சின்ன முனையின் பல்லிடையில் நுழையும் அளவுக்கு மெலிந்த, பெவலுக்கென்றே செய்த கட்டரை எடுத்து, நடுவில் ஒரு வெட்டு. அப்புறம் பிளாங்கைக் கொஞ்சம் திருப்பி, டேபிளைக் கொஞ்சம் தள்ளி இடது பக்கம் ஒரு வெட்டு, எதிராகச் செய்து வலது பக்கம் ஒரு வெட்டு. வளைவு பெரிய முனைக்குப் பொருந்தும். சின்ன முனையில் பிட்ச் கோட்டுக்கு (இரு கியரும் ஒன்றின் மேல் ஒன்று உருளும் கோட்டுக்கு) மேலே சதை மிஞ்சும். அதை அரம் வைத்துத் தேய்ப்பார்கள். இதையே சிஎன்சி-யில் செய்தாலும் மிச்சம் மிஞ்சத்தான் செய்யும். மெஷின் மாறியதால் ஜியாமெட்ரி மாறாது.

அந்த வழியில் போவதாக இருந்தாலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கட்டரை உண்மையான பல் எண்ணிக்கைக்கு எடுக்கக் கூடாது. தாமஸ் டிரெட்கோல்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் பெயரில் வழங்கும் தோராயம் இதற்கு உதவும்: பெவல் பல்லைப் பேக் கோனில் (பெரிய முனையைப் பின்னால் மூடும் கூம்பில்) விரித்துப் பார்த்தால் அது வேறு எண்ணிக்கையுள்ள ஒரு ஸ்பர் கியரின் பல்லாகத் தெரியும். அந்த எண்ணிக்கை, உண்மையான பல் எண்ணிக்கையைப் பிட்ச் கோணத்தின் (பிட்ச் கோடு சுழல் அச்சோடு செய்யும் கோணத்தின்) கொசைனால் வகுத்தால் வருவது. உங்கள் பினியனின் பிட்ச் கோணம் 26.565 டிகிரி, கியருக்கு 63.435. எனவே பினியன் 16 பல்லாக இருந்தாலும் வளைவில் 17.9 பல். கியர் 32 பல்லாக இருந்தாலும் வளைவில் 71.6 பல். கட்டர் செட்டில் பினியனுக்கு 14–16 எல்லை கொண்ட கட்டரை எடுத்தால் தப்பு, 17–20 கட்டர்தான் சரி. கியருக்கு 26–34 இல்லை, 55–134. கட்டரில் அடித்திருக்கும் எண்ணைப் பார்த்து எடுக்காதீர்கள். ஒரு செட்டில் எட்டாம் எண் 12–13 பல்லுக்கு இருக்கும், இன்னொரு செட்டில் ஒன்றாம் எண்தான் 12–13. பல் எல்லை கூடவே அடித்திருக்கும், அதைப் பாருங்கள்.

பெவலுக்கென்றே வந்த மெஷின்கள் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தன என்று ஒரு நிமிடம் பார்ப்பது நல்லது, நம் வழியும் அங்கிருந்துதான் வருகிறது. 1874-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் வில்லியம் கிளீசன் பெவல் கியர் பிளேனர் ஒன்றைச் செய்தார். அதில் டூல் ஒற்றை முனைதான். ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் அது ஏபெக்ஸை நோக்கி நேர்க்கோட்டில் ஓடும், ஒரு டெம்ப்ளேட் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும். வளைவு கட்டரில் இல்லை, அசைவில் இருக்கிறது. பிறகு வந்த ஜெனரேட்டர்களில் டெம்ப்ளேட்டும் போய், பிளாங்க் உருள உருள இரண்டு டூல்கள் பல்லின் இரு பக்கமும் வெட்டின. கோனிஃபிளெக்ஸ் முறையில் ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு வட்டக் கட்டர்கள். ரெவாசைக்கிளில் கட்டர் ஒரு முறை சுற்றி வந்தால் ஒரு பல்லிடை முடிந்தது. கார் டிஃபரன்ஷியல் கியர்களை அதில் மூட்டை மூட்டையாகப் போட்டார்கள். இன்று அவற்றில் பெரும்பகுதி ஃபோர்ஜிங்கிலேயே பல்லோடு வந்துவிடுகிறது.

நமக்கு வேண்டியது 1874-இன் யோசனை: ஒற்றை முனை டூல், ஏபெக்ஸை நோக்கி நேர்க்கோடு. டெம்ப்ளேட்டின் இடத்தில் எக்செல். கிளீசனின் ஒற்றை முனை டூல் இருந்த இடத்தில் பால் நோஸ், அதாவது பந்து முனையுள்ள மில்லிங் டூல்.

இப்போது கணக்கு. புரோகிராம் ஜீரோவை ஏபெக்ஸில் வையுங்கள். பிளாங்கின் முகத்திலோ பின்பக்கத்திலோ வைக்காதீர்கள், காற்றில் இருக்கும் அந்தப் புள்ளியில் வையுங்கள். இதைச் செய்துவிட்டால் மீதி எல்லாம் எளிதாகிவிடும். பெரிய முனையில் பல்லின் பக்கத்தில் ஒரு புள்ளியை எடுத்து, அதன் எக்ஸ், ஒய், இசட் மூன்றையும் 0.6925-ஆல் பெருக்கினால், அதே கோட்டில் சின்ன முனையிலுள்ள புள்ளி கிடைக்கும். பினியனில் பிட்ச் கோட்டுப் புள்ளியையே எடுத்துக்கொள்வோம். சுழல் அச்சு எக்ஸ் வழியே, பல்லிடையின் நடு நேர் மேலே. பெரிய முனையில் அது எக்ஸ் 64, ஒய் 3.137, இசட் 31.846. சின்ன முனையில் எக்ஸ் 44.32, ஒய் 2.172, இசட் 22.055. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு ஜி1 (நேர்க்கோட்டில் வெட்டச் சொல்லும் கட்டளை). இப்படிப் பல்லின் அடியிலிருந்து நுனி வரை அறுபது புள்ளி போட்டால் அறுபது நேர்க்கோடு, ஒரு பக்கம் முடிந்தது. ஏ ஆக்ஸிஸை (அந்த ரோட்டரியை) 22.5 டிகிரி திருப்பி அடுத்த பல். வெட்டும்போது ஏ ஆக்ஸிஸ் அசையவே வேண்டாம், கிளாம்ப் செய்துவிடலாம். அதனால்தான் 5 ஆக்ஸிஸ் தேவையில்லை என்றேன்.

டூல் ஆரம் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். இங்கே ஜியாமெட்ரி நமக்குச் சாதகம். ஏபெக்ஸுக்குப் போகும் ஒரு கோட்டின் நெடுகிலும் பரப்பின் செங்குத்துத் திசை மாறுவதில்லை. ஆகவே பந்தின் மையம் போகும் பாதையும் அந்தக் கோட்டுக்கு இணையான நேர்க்கோடுதான். பெரிய முனைப் புள்ளிக்கும் சின்ன முனைப் புள்ளிக்கும் ஒரே ஆஃப்செட்டைக் கூட்டினால் போதும். பெருக்கிய பிறகு கூட்ட வேண்டும், கூட்டிய பிறகு பெருக்கக் கூடாது. இந்த வரிசை மாறினால் சின்ன முனையில் டூல் ஆரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகக் கணக்காகி, பல் மெலிந்துவிடும். நான் ஒருமுறை இதில் விழுந்தேன். நல்லவேளை, முதல் பிளாங்க் அலுமினியம்.

பெரிய முனையின் வளைவை எங்கிருந்து எடுப்பது? 17.9 பல்லுக்கான சாதாரண இன்வால்யூட்டைப் பேக் கோனில் வரைந்து ஏபெக்ஸ் வரை சுருக்கினால் போதும். சுத்தமான கோள இன்வால்யூட் வேண்டும் என்பவர்கள் அதற்கான சூத்திரத்தை எழுதலாம். ஜெனரேட்டர் மெஷின்கள் போட்டவை அதுவும் இல்லை, ஆக்டாய்டு என்று வேறு ஒன்று. வேலை செய்யும் உயரத்தில் இவற்றுக்குள் உள்ள வித்தியாசம் மெதுவாக ஓடும் பழைய மெஷினுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ஒன்று, ஜோடி இரண்டையும் ஒரே கணக்கில் போடுங்கள். மூன்று பல் போன பினியனை மட்டும் புதிதாகப் போட்டு, தேய்ந்த பழைய கியரோடு சேர்த்து ஓட்டினால் சத்தம் வரும், அப்புறம் மெஷினைத்தான் குறை சொல்வோம். நெட்டில் கிடைக்கும் ரெடிமேட் பெவல் மாடல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: அவற்றில் பல பார்வைக்கு மட்டும்தான். அசெம்பிளி படத்தில் வைக்க நன்றாக இருக்கும், வெட்டுவதற்கு நம்பாதீர்கள்.

பிளாங்க் அளவுகள். பினியன் வெளி விட்டம் 71.16, கியர் 131.58. டெடெண்டம் (பிட்ச் கோட்டிலிருந்து அடி வரை ஆழம்) 5 மி.மீ. என்றால் அடிக் கோணம் பினியனுக்கு 22.57, கியருக்கு 59.44. முகக் கோணத்தைக் கடையும்போது மட்டும் பிட்ச் கோணத்தோடு எதிர்க் கியரின் டெடெண்டம் கோணத்தைக் கூட்டுங்கள்: இங்கே 30.56-உம் 67.43-உம். அப்படிச் செய்தால் நுனிக்கும் எதிர்ப் பல்லின் அடிக்கும் உள்ள இடைவெளி இரு முனையிலும் ஒரே அளவாக இருக்கும்.

கியரின் சாய்வு பெரிது, அதை எப்படிப் பிடிப்பது? பினியனுக்கு ரோட்டரியைப் படுக்கையாகவே வையுங்கள், அடி 22.57 டிகிரி சரிவில் இருக்கும், டூல் செங்குத்தாக நிற்கலாம். கியருக்கு ரோட்டரியைத் திருப்பி முகம் மேலே பார்க்க வையுங்கள். அப்போது அடியின் சரிவு 30.56 டிகிரிதான். ஆப்பு ஃபிக்ஸ்சர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பினியனைச் சக்கில் நேராகப் பிடித்தால் பெரிய முனையை வெட்டும்போது டூல் ஹோல்டர் சக்கின் ஜாவில் இடிக்கும். மேண்ட்ரலை (பினியனைத் தாங்கும் தண்டை) நீட்டி, மறுபக்கம் டெயில்ஸ்டாக் (முனைத் தாங்கி) கொடுங்கள்.

டூல் விஷயத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பெரிய முனையைப் பார்த்து டூல் எடுப்பார்கள். சின்ன முனைதான் தீர்மானிக்கிறது. உங்கள் கியரின் சின்ன முனையில் பல்லிடையின் அடி அகலம் 2.1 மி.மீ. அளவுதான். பினியனில் 3 மி.மீ. அளவு. ஆகவே ஃபினிஷிங்குக்கு 1 மி.மீ. ஆரமுள்ள பால் நோஸ், அதுவும் கியரின் அடியில் இறுக்கமாகத்தான் போகும். சரிவையும் சேர்த்தால் 11, 12 மி.மீ. நீளம் வெளியே நீட்ட வேண்டும். 2 மி.மீ. தண்டை இவ்வளவு நீட்டினால் அதிரும், அதனால் டேப்பர் உள்ள பால் நோஸ். ஆனால் பினியனில் பல்லின் பக்கம் அடியருகே கிட்டத்தட்ட 4 டிகிரி சாய்வுதான். ஒரு பக்கத்துக்கு 5 டிகிரி டேப்பர் உள்ள டூலைப் போட்டால் பந்து தொடுமுன் தண்டு தொட்டுவிடும். 3 டிகிரிக்குள் எடுங்கள். ரஃபிங்கை (முதலில் எடுக்கும் கனமான வெட்டை) 3 மி.மீ. டூலில் பெரிய முனையிலிருந்து எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு எடுத்துவிட்டு, மிச்சத்தை 2 மி.மீ.-இல் எடுங்கள். ஃபினிஷிங் டூல் சுமை தாங்காது.

நேரம் எவ்வளவு ஆகும்? 0.15 மி.மீ. இடைவெளியில் பாஸ் போட்டால் கோடுகளுக்கு நடுவே மிஞ்சும் மேடு 3 மைக்ரான் அளவு. நல்ல ஃபினிஷ்தான். பல் உயரம் 9 மி.மீ., எனவே ஒரு பக்கத்துக்கு 60 பாஸ். இரண்டு பக்கம், 16 பல்: 1,920 பாஸ். ஒவ்வொன்றும் உள்ளே வெளியே சேர்த்து 24 மி.மீ. மொத்தம் 46 மீட்டர். நிமிடத்துக்கு 1,000 மி.மீ. ஃபீடில் 46 நிமிடம், ரேப்பிட்டும் ரோட்டரி கிளாம்பும் தனி. கியருக்கு இரண்டு மடங்கு. ரஃபிங்கும் செட்டிங்கும் சேர்த்தால் ஒரு ஜோடிக்கு ஒரு ஷிஃப்ட் போய்விடும். ஒரு ஜோடிக்கு இது லாபம். ஐம்பது ஜோடி ஆர்டர் வந்தால் பெவல் ஜெனரேட்டர் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள், உங்கள் விஎம்சி-க்கு வேறு வேலை இருக்கும். 5 ஆக்ஸிஸ் இருந்தால் பால் நோஸுக்குப் பதில் தட்டையான பக்கமுள்ள வட்டக் கட்டரைப் பல்லின் பக்கத்தில் சாய்த்து வெட்டலாம். அந்தத் தட்டைப் பக்கம் ஒரு கோடு முழுவதையும் ஒரே நேரத்தில் தொடும், பாஸ் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். 5 ஆக்ஸிஸின் உண்மையான லாபம் அங்கேதான்.

46 நிமிடம் ஒரே டூல் ஓடும்போது தேயும். பல் ஒன்றிலிருந்து பதினாறு வரை வரிசையாகப் போனால், தேய்ந்த டூலில் போட்ட பதினாறாம் பல் புது டூலில் போட்ட முதல் பல்லுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் ஒரு டக். முதல் பல்லின் இரு பக்கமும் மாறி மாறி (1, 2, 16, 3, 15 என்று) போனால் அந்த வித்தியாசம் பரவிவிடும். ரோட்டரியை எப்போதும் ஒரே திசையிலிருந்து இண்டெக்ஸ் பண்ணுங்கள். 20 விநாடிக் கோணப் பிழை இருந்தாலும் பினியனின் பிட்ச் வட்டத்தில் அது 3 மைக்ரான்தான், கியரில் 6. அந்தப் பயம் வேண்டாம்.

பல்லை முழு நேர்க்கோட்டில் விடாமல் இரு முனையிலும் 10–12 மைக்ரான் கூடுதலாக எடுத்து, நடுவில் லேசான வயிறு விடுவது நல்லது. ஜி1 ஒன்றை நான்காக உடைத்தால் போதும். ஷாஃப்ட் கொஞ்சம் வளைந்தாலும் பல்லின் ஓரத்தில் சுமை ஏறாது. கோனிஃபிளெக்ஸ் பல்லுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே இந்த வயிறுதான்.

மெட்டீரியல் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மெதுவாக ஓடும் மெஷின் என்றால் இ.என். 24 எஃகை 30 எச்.ஆர்.சி. (கடினத்தன்மையின் அளவு) அளவுக்கு முதலிலேயே டஃபன் செய்து (சூடேற்றிப் பதப்படுத்தி) வாங்கி நேராக ஃபினிஷ் பண்ணிவிடுங்கள், கோணல் தொல்லை இல்லை. சுமை அதிகம் என்றால் இ.என். 353, கேஸ் ஹார்டனிங் (மேல்தோலை மட்டும் கடினமாக்குவது), 58–62 எச்.ஆர்.சி. அப்போது பக்கத்துக்கு 0.1 மி.மீ. விட்டு, ஹார்டனிங்குக்குப் பிறகு போரையும் பின்முகத்தையும் கிரைண்டிங் செய்து, கோட்டிங் உள்ள கார்பைடில் பல்லை மறுபடி எடுக்க வேண்டும். பேஸ்ட் போட்டு ஓட்டிச் சரிசெய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிட்ச் கோட்டில் பல் வழுக்குவதில்லை, உருள்கிறது. பேஸ்ட் அதற்கு மேலும் கீழும் தின்றுவிட்டு நடுவில் ஒரு மேட்டை விட்டுவைக்கும்.

பல் தடிமனைப் பெரிய முனையில் பேக் கோன் மீது கியர் டூத் வெர்னியரால் பாருங்கள். பினியனுக்கு 6.275 வரும், பேக்லாஷுக்கு (கோத்த பற்களுக்குள் விடும் தளர்வுக்கு) விடுவதை இதிலிருந்து கழிக்க வேண்டும். இந்த மாட்யூலுக்கு 0.1 முதல் 0.15 வரை பேக்லாஷ் போதும், ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இனி, எல்லாவற்றையும் விட முக்கியமானது. மவுண்டிங் தூரம், அதாவது கியரின் பின்முகத்திலிருந்து ஏபெக்ஸ் வரை உள்ள அளவு. இரண்டு கியரின் ஏபெக்ஸும் கியர்பாக்ஸுக்குள் ஒரே புள்ளியில் வந்து உட்கார வேண்டும். பல வருடம் முன்பு ஒரு ஜோடி போட்டேன். பல்லைப் பார்த்தால் கண்ணாடி. கொண்டுபோய் மாட்டினால் நாய் ஊளையிட்டதுபோல் சத்தம். இரண்டு நாள் பல்லை அளந்து அளந்து பார்த்தேன், பிழையே இல்லை. கடைசியில் பார்த்தால், பழைய சாம்பிளின் பின்முகத்தை எப்போதோ யாரோ கடைந்து ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு) போட்டிருக்கிறார்கள். ஷிம் பாக்ஸுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு இருந்தது, நான் சாம்பிளை மட்டும் அளந்திருந்தேன். பினியன் அரை மி.மீ.-க்கு மேல் தள்ளி நின்றிருக்கிறது.

மாட்டும்போது பல்லில் புளூ (தொடும் இடத்தைக் காட்டும் நீலச் சாயம்) தடவி, கையால் சுற்றிப் பாருங்கள். சுமை இல்லாதபோது தடம் நடுவிலிருந்து சின்ன முனைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, முக அகலத்தில் பாதி அளவு இருந்தால் நல்லது. சுமை ஏறும்போது பெரிய முனைக்கு நகரும். தடம் பல்லின் நுனியிலோ அடியிலோ விழுந்தால் பினியனின் ஷிம்மை மாற்றுங்கள். பேக்லாஷ் சரியில்லை என்றால் கியரின் ஷிம்மை மாற்றுங்கள். இதற்குக் காரணம் உண்டு: உங்கள் ஜோடியில் பினியனை 0.1 நகர்த்தினால் பேக்லாஷ் 0.03 மாறும், கியரை 0.1 நகர்த்தினால் 0.065 மாறும்.

கியர்பாக்ஸ் இன்னும் திறந்துதான் இருக்கிறது என்றால், பிளாங்க் கடைவதற்கு முன் இரண்டு அளவு எடுத்துவிடுங்கள்: கியர் ஷாஃப்ட் போரின் மையத்திலிருந்து பினியன் உட்காரும் முகம் வரை ஒன்று, பினியன் போரின் மையத்திலிருந்து கியர் உட்காரும் முகம் வரை ஒன்று. ஷிம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரல் விட்டுத் தடவியும் பாருங்கள்.